வரிசை மாறாத சர்க்கஸ்

சீட்டு கைக்கு வந்ததும் விரல்கள் தாமாகவே வேலையைத் தொடங்கிவிடும். கறுப்பு ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம். ஏழுக்குப் பக்கத்தில் எட்டு. ஜோக்கர் ஓரத்தில். ரம்மி ஆடும் வீடுகளில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. அடுக்காத சீட்டைக் கையில் வைத்திருப்பவர் ஒன்று புதியவராக இருக்க வேண்டும், அல்லது ஆட்டத்தில் மனமில்லாதவராக இருக்க வேண்டும்.

இப்படிப் பழகிய கையில் 'ஸ்கௌட்' என்ற ஜப்பானிய விளையாட்டைக் கொடுத்து, "வந்த வரிசையை மாற்றக்கூடாது" என்று சொன்னால் முதலில் வருவது சிரிப்பு. அடுத்து எரிச்சல். மூன்றாவது சுற்றுக்குள் பெரும்பாலானவர்களுக்கு ஒரு பிடிவாதம் வந்துவிடுகிறது. இந்த மூன்றையும் கடந்தவர்கள்தான் இதைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். புகழ்வதற்காகவும், சண்டை போடுவதற்காகவும்.

கெய் காஜினோ என்பவர் உருவாக்கிய இந்த விளையாட்டு 2019ல் வந்தது. பின்னர் ஓய்ங்க் கேம்ஸ் என்ற ஜப்பானிய நிறுவனம் அதைத் தனது வழக்கப்படி ஒரு குட்டிப் பெட்டிக்குள் அடைத்து வெளியிட, அது பல நாடுகளுக்குப் பரவியது. 2022ல் ஜெர்மனியின் 'ஸ்பீல் டெஸ் யாரெஸ்' - ஆண்டின் சிறந்த விளையாட்டு - விருதுக்கு இறுதிப் பட்டியலில் இருந்த மூன்றில் இதுவும் ஒன்று. விருதைத் தட்டிச் சென்றது 'காஸ்கேடியா'. ஸ்கௌட்டில் பலகை என்று எதுவும் கிடையாது. 45 சீட்டுகளும் கொஞ்சம் வில்லைகளும்தான். ஆனாலும் கடைகளில் போர்டு கேம்களின் அலமாரியில்தான் அதற்கு இடம். அந்த விளையாட்டுகளைத் தேடி ஆடுபவர்கள்தான் அதன் விமரிசகர்களும்.

பெட்டிக்குள் இருக்கும் கதை இது: ஆடுபவர் ஒவ்வொருவரும் ஒரு சர்க்கஸ் கம்பெனியின் தலைவர். கையில் உள்ள சீட்டுகள் கலைஞர்கள். காட்சி நடத்த வேண்டும். அடுத்த கம்பெனியின் காட்சியைவிடப் பெரிய காட்சியாக இருக்க வேண்டும். முடியாவிட்டால் அங்கிருந்து ஒரு கலைஞரை இழுத்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு சீட்டிலும் இரண்டு எண்கள். நேராகப் பிடித்தால் ஒன்று, தலைகீழாகப் பிடித்தால் மற்றொன்று. 1 முதல் 10 வரை எந்த இரண்டு எண்களைச் சேர்த்தாலும் அந்த ஜோடிக்கு ஒரே ஒரு சீட்டு உண்டு. நான்கு பேர் ஆடினால் ஆளுக்கு 11 சீட்டு. தொடங்கும் முன் ஒரே ஒரு சலுகை: மொத்தக் கையையும் ஒருசேரத் தலைகீழாகத் திருப்பிக்கொள்ளலாம். ஒரு சீட்டை மட்டும் திருப்ப முடியாது, இடம் மாற்றவும் முடியாது. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் சீட்டுகளை மட்டுமே சேர்த்து இறக்கலாம். அவை ஒரே எண்ணாக இருந்தால் செட், அடுத்தடுத்த எண்ணாக இருந்தால் சீக்வென்ஸ். அதிகச் சீட்டு குறைந்த சீட்டை வெல்லும். எண்ணிக்கை சமமானால் சீக்வென்ஸை செட் வெல்லும். வென்றவருக்கு, வீழ்ந்த சீட்டுகள் ஆளுக்கொரு புள்ளி.

வெல்ல முடியாதவர் மேஜையில் கிடக்கும் காட்சியின் இரு ஓரங்களில் ஒன்றிலிருந்து ஒரு சீட்டை எடுத்துத் தன் கையில் விரும்பிய இடத்தில், விரும்பிய பக்கமாகச் செருகிக்கொள்ளலாம். அதுதான் 'ஸ்கௌட்'. எடுக்கப்பட்ட காட்சிக்கு உரியவருக்கு ஒரு வில்லை, அதாவது ஒரு புள்ளி, நஷ்ட ஈடு. யாராவது கையைக் காலி செய்தாலோ, ஒருவர் இறக்கிய காட்சியை மற்ற எல்லாரும் வெல்ல முடியாமல் வரிசையாக ஸ்கௌட் செய்தாலோ சுற்று முடிந்தது. மற்றவர்கள் கையில் மிஞ்சிய ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு புள்ளி கழியும்.

ஆடியவர்களின் கருத்துகள் எங்கே பிரிகின்றன என்பது ஓர் உதாரணத்தில் விளங்கிவிடும். கையில் 7, 2, 9 என்று மூன்று சீட்டுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. நடுவில் இருக்கும் 2ன் மறுபக்கம் 8. திருப்பினால் 7, 8, 9 - அருமையான சீக்வென்ஸ். ஆனால் திருப்பக்கூடாது. கண்ணெதிரே இருக்கும் தீர்வைத் தொட முடியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"இது விளையாட்டா, தண்டனையா?" என்று கேட்பவர்கள் ஒரு கட்சி. சீட்டாட்டத்தின் சுகமே அடுக்குவதில் இருக்கிறது, அதைப் பறித்துவிட்டால் மிஞ்சுவது விழுந்த சீட்டின் அதிர்ஷ்டம் மட்டுமே என்பது அவர்கள் வாதம். எதிர்க்கட்சியினர் அதே 2ஐக் காட்டித்தான் பதில் சொல்கிறார்கள். மேஜை காலியாக இருக்கும்போது அந்த 2ஐத் தனியாக இறக்கித் தொலைத்துவிட வேண்டும். 7ம் 9ம் தோளோடு தோள் சேர்ந்துவிடும். பிறகு யாராவது ஓரத்தில் ஒரு 8ஐ வைக்கும்வரை காத்திருந்து, எடுத்து நடுவில் செருக வேண்டும். "அடுக்குவது போய்விடவில்லை. முதல் நிமிடத்தில் முடிந்துவிடும் வேலை ஆட்டம் முழுக்க நீள்கிறது, அவ்வளவுதான்" என்கிறார்கள். கை வரிசையை மாற்றக்கூடாது என்ற விதி புதியதும் அல்ல. 1997ல் வந்த ஊவே ரோசன்பர்க்கின் 'போனான்சா' என்ற ஜெர்மன் விளையாட்டு அவரைக்காய் சாகுபடியை வைத்து இதே கட்டுப்பாட்டைப் பிரபலமாக்கிவிட்டது.

இருவர் மட்டும் ஆடினால் சுவை குறைகிறது என்பதில் இரு கட்சிகளும் ஏறக்குறைய ஒன்றுபடுகின்றன. அப்போது தனி விதி உண்டு என்றாலும், யார் கை எப்படிக் கரைகிறது என்று சுற்றிலும் நோட்டம் விடும் பரபரப்பு இரண்டு பேருக்குள் வருவதில்லை. நான்கு பேர் கூடினால் நான்கு சுற்று. தோற்றவர் "இன்னொரு தடவை" என்று கேட்பார் என்பதிலும் தகராறு இல்லை.

பெரிய தகராறு வேறொன்றில். இதில் சர்க்கஸ் எங்கே இருக்கிறது?

எங்கும் இல்லை என்பதே பெரும்பான்மையோர் தீர்ப்பு. எண்களுக்கு மேல் ஒரு பூச்சு வர்ணம். கூடாரத்தை எடுத்துவிட்டு மீன் சந்தை என்று பெயர் வைத்தாலும் ஒரு விதிகூட மாறாது. இப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒப்பிட்டுக் காட்டுவது 'மீப்பிள் சர்க்க'ஸை. செட்ரிக் மிலே உருவாக்கி 2017ல் பிரான்சின் மாத்தகோ நிறுவனம் வெளியிட்ட விளையாட்டு அது. மரத்தால் ஆன குட்டி மனிதர்களையும் மிருகங்களையும் பீப்பாய்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். பின்னணியில் சர்க்கஸ் இசை ஒலிக்கும், அது முடிவதற்குள் காட்சி நிற்க வேண்டும். யானை முதுகில் மனிதன், அவன் தோளில் இன்னொருவன். கை நடுங்கினால் எல்லாம் சரியும். சுற்றியிருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். இதுதான் சர்க்கஸ் என்கிறார்கள் அதன் ரசிகர்கள். விரல் நடுக்கம் உள்ளவர்களும், மணி அடித்தால் பதறுபவர்களும் அதையே குறையாகச் சொல்கிறார்கள். அவர்களும்கூட அதில் சர்க்கஸ் இல்லை என்று சொன்னதில்லை.

இந்தத் தீர்ப்பு காலரியில் உட்கார்ந்து எழுதப்பட்ட தீர்ப்பு. சர்க்கஸுக்கு இரண்டு கூடாரங்கள் உண்டு. ஒன்றில் விளக்கும் பாண்டு வாத்தியமும் அந்தரத்தில் தாவும் உடல்களும். மற்றொன்றில் முதலாளியின் மேஜை. யார் அடுத்த ஊருக்கு வருவார், யார் போய்விடுவார், பக்கத்துக் கம்பெனியில் பார் விளையாட்டுக்கு யார் இருக்கிறார்கள் என்ற கணக்கு அங்கே நடக்கும். மீப்பிள் சர்க்கஸ் முதல் கூடாரத்தைக் காட்டுகிறது. ஸ்கௌட் நடப்பது இரண்டாவது கூடாரத்தில்.

இந்திய சர்க்கஸின் கதையைத் திருப்பிப் பார்த்தாலே இது தெரியும். 1880ல் விஷ்ணுபந்த் சத்ரே பம்பாயில் முதல் இந்திய சர்க்கஸை நடத்தினார். அந்தத் தொழிலுக்குக் கலைஞர்களைத் தந்தது தலச்சேரி. உடற்பயிற்சி ஆசிரியரான கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901ல் அங்கே சிரக்கரையில் ஒரு சர்க்கஸ் பள்ளி தொடங்கினார். நாட்டின் கம்பெனிகளில் கேரளத்துக் கலைஞர்கள் நிறைந்ததற்கு வேர் அங்கே இருக்கிறது. எந்தக் கம்பெனியும் தன் ஆட்களைப் புதிதாக வார்த்து எடுத்து வரிசையாக நிறுத்திக்கொண்டதில்லை. கிடைத்த ஆட்களை வைத்துக் காட்சி அமைத்தது, இல்லாததை வேறெங்கிருந்தோ கொண்டுவந்தது. புணேயில் பிறந்த மிருகப் பயிற்சியாளர் தாமு தோத்ரே இந்திய சர்க்கஸில் வளர்ந்து, ஐரோப்பாவில் பிரெஞ்சுக்காரரான ஆல்ஃப்ரெட் கோர்ட்டிடம் சேர்ந்து, 1940ல் அமெரிக்காவின் ரிங்ளிங் சகோதரர்கள் சர்க்கஸில் போய் நின்றார். ஓர் ஓரத்திலிருந்து எடுத்து இன்னொரு கையின் நடுவில் செருகியது போலத்தான்.

அதனால் 'பூச்சு வர்ணம்' என்ற குற்றச்சாட்டு பாதிதான் சரி. ஒரு சீட்டின் மதிப்பு அந்தச் சீட்டில் மட்டும் எழுதப்பட்டிருக்கவில்லை என்பது ஸ்கௌட்டின் ஆதாரமான சங்கதி. ஒரு கையில் பாரமாகக் கிடந்த 2, வேறு கைக்குப் போய்த் தலைகீழாகத் திரும்பி, இரண்டு 8களுக்கு நடுவில் நின்றால் அந்தச் சுற்றையே முடித்துவைக்கும். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதுதான் மதிப்பு. அந்தரத்தில் பறப்பவரின் பெயர் சுவரொட்டியில் வரும், அவரைப் பிடிப்பவரின் பெயர் வராது. ஆனால் பிடிப்பவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் பறப்பவருக்கும் அன்று வேலை இல்லை. எத்தனை படம் போட்டாலும் இதை அப்படிக் காட்டிவிட முடியாது. எண்கள் காட்டிவிடுகின்றன.

சரியாக இருக்கும் மறு பாதிதான் சங்கடமானது. சீட்டுக்கு வாய் கிடையாது. ஸ்கௌட் செய்யப்படும்போது வில்லை போய்ச் சேருவது பழைய முதலாளிக்கு. லாபம் புதிய முதலாளிக்கு. இடம் மாறியவருக்கு என்ன கிடைத்தது என்று எந்த விதியும் பேசுவதில்லை. ஐரோப்பாவிலோ ஜப்பானிலோ இதை ஆடுபவருக்கு இந்தக் கேள்வி எழாமல் போகலாம். இந்தியாவில் எழாமல் இருப்பது கஷ்டம். சர்க்கஸ்களில் சிறுவர் சிறுமியரை வேலைக்கு வைக்கக்கூடாது, இருப்பவர்களை மீட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஏப்ரலில்தான் உத்தரவிட்டது. நேபாளத்தின் ஏழைக் குடும்பங்களிலிருந்து தரகர்கள் வழியாக வந்த சிறுமிகள் அந்த வழக்கின் மையத்தில் இருந்தார்கள். மிருகங்களின் கணக்கு அதற்கு முன்பே தீர்ந்துவிட்டது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வைத்து வித்தை காட்டுவதை 1998ல் மத்திய அரசு தடை செய்தது. சர்க்கஸ் முதலாளிகள் வழக்குத் தொடுத்தார்கள். கேரள உயர் நீதிமன்றத்தில் தோற்று, 2001ல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார்கள். விளையாட்டுப் பெட்டிகளில் மிருகங்கள் இன்னமும் குஷியாக வித்தை காட்டிக்கொண்டிருக்கின்றன. மரத்தாலும் அட்டையாலும் ஆனவை என்பதால் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

இதையெல்லாம் ஒரு சின்னப் பெட்டியின் தலையில் கட்டுவது அநியாயம் என்று ஆட்டக்காரர்கள் சொல்லலாம். அதிலும் நியாயம் இருக்கிறது. அரை மணி நேரம் நண்பர்களோடு சிரித்துவிட்டுப் போக வந்தவர்களுக்கு நீதிமன்ற உத்தரவு எதற்கு? தவிர, கதை மெல்லியதாக இருப்பதேகூட ஒரு நாகரிகம் என்று வாதாடலாம். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு முகமும் ஊரும் வயதும் எழுதியிருந்தால், கையில் மிஞ்சியவர்களை எண்ணி ஆளுக்கு ஒரு புள்ளி கழிப்பதற்கு யாருக்கு மனம் வரும்? எண்களாக இருப்பதால்தான் ஆட முடிகிறது.

ஆனால் அந்த வாதம் முதலாளியின் மேஜைக்கும் பொருந்தும் என்பதுதான் தொந்தரவு. எண்களாக இருந்ததால்தான் அங்கேயும் ஆட்டம் நடந்தது. சர்க்கஸ் எங்கே என்று தேடியவர்கள் காணாமல் விட்டது இந்த ஒற்றுமையைத்தான். அவர்கள் கூடாரத்தையும் கோமாளியையும் தேடினார்கள். சர்க்கஸ் கழித்தல் கணக்கில் இருந்தது.

விளையாட்டில் ஒரு சுற்று முடிந்தால் மிஞ்சிய சீட்டுகளை மற்றவற்றோடு கலைத்துவிடலாம். அடுத்த சுற்றில் அதே 2 தலைகீழாக வந்து 8 ஆகிவிடும். தலச்சேரிப் பக்கத்தில் அப்படிக் கலைத்துவிட முடியாதவர்கள் இருக்கிறார்கள். பார் ஆடிய தோள்களும் கம்பிமேல் நடந்த கால்களும் ஓய்ந்துபோன அந்த முதிய, நலிந்த கலைஞர்களுக்குக் கேரள அரசு ஓய்வூதியம் தருகிறது. அவர்களை மேஜைகளில் வைத்து ஆடிய கம்பெனிகள் பலவும் கூடாரத்தைச் சுருட்டி நாளாகிவிட்டது.