பெட்டி உங்களுடையது, உள்ளே இருப்பது யாருடையது?

பழைய புத்தகக் கடையில் ஒரு நாவல் வாங்குகிறீர்கள். முதல் பக்கத்தில் முன்பு வைத்திருந்தவரின் கையெழுத்து இருக்கிறது. அது கடைக்காரரிடம் எப்படி வந்தது என்று யாரும் விசாரிப்பதில்லை. படித்து முடித்ததும் நண்பருக்குக் கொடுக்கலாம், அதே கடையில் பாதி விலைக்குத் தள்ளிவிடலாம். பதிப்பாளர் குறுக்கே வந்து "யாரைக் கேட்டு விற்றாய்?" என்று அதட்ட முடியாது.

இந்தச் சுதந்திரம் சும்மா வந்துவிடவில்லை. அமெரிக்காவில் இதற்காக ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பாப்ஸ்-மெரில் என்ற பதிப்பகம் 'தி காஸ்ட்அவே' என்ற நாவலுக்குள், ஒரு டாலருக்குக் குறைவாக விற்றால் பதிப்புரிமை மீறல் என்று அச்சடித்து வைத்தது. மேசிஸ் கடையினர் அதைப் பொருட்படுத்தாமல் 89 சென்ட்டுக்கு விற்றார்கள். 1908ல் தீர்ப்பு கடைக்காரர் பக்கம் வந்தது. ஒரு பிரதியை ஒருமுறை விற்றாயிற்று என்றால், அந்தப் பிரதி அடுத்து யாருக்கு, என்ன விலைக்குப் போகிறது என்பதில் பதிப்பாளருக்குப் பேச்சில்லை. இதற்கு 'முதல் விற்பனை' கோட்பாடு என்று பெயர். வணிகவியல் படிக்கிறவர்களுக்குப் பிடித்துப்போகும் கோட்பாடு இது. காசு கொடுத்தால் பொருள் கைமாறுகிறது, அவ்வளவுதான்.

சரி, இப்போது புத்தகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வையுங்கள்.

கொமடோர் நிறுவனம் 1985ல் வெளியிட்ட அமிகா 1000 என்ற கணினியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் ஒருவர் அதை செகண்ட் ஹேண்டில் வாங்குகிறார். வீட்டுக்குக் கொண்டுவந்து மின்சாரம் கொடுத்தால் திரையில் ஒரு படம் வருகிறது: ஒரு கை, அந்தக் கையில் ஒரு ஃப்ளாப்பி. 'கிக்ஸ்டார்ட்' ஃப்ளாப்பியைப் போடு என்று மெஷின் கேட்கிறது. மற்ற கணினிகளில் ரோம் சிப்பில் இருக்கவேண்டிய அடிப்படை நிரல் இந்த மாடலில் ஃப்ளாப்பியில் வந்தது. அந்த ஃப்ளாப்பி இல்லாவிட்டால் மெஷின் அந்தக் கையைக் காட்டிக்கொண்டே நிற்கும். விற்றவரோ பெட்டியையும் கீபோர்டையும் கொடுத்தார், ஃப்ளாப்பி எங்கோ தொலைந்துவிட்டது என்கிறார்.

வாங்கியவர் காசு கொடுத்தது எதற்கு?

பிளாஸ்டிக்குக்கும் தகரத்துக்கும் சிப்புகளுக்கும் அவர்தான் முதலாளி. அதில் சந்தேகமே இல்லை. மென்பொருளின் கதை வேறு. எழுதிய நிரலுக்கு, அது ஃப்ளாப்பியில் இருந்தாலும் சிப்பில் இருந்தாலும், பதிப்புரிமை உண்டு. சிப்பில் பொறித்துவிட்டால் அது இயந்திரத்தின் உதிரி பாகம் மாதிரிதானே என்று ஃபிராங்க்ளின் என்ற கம்பெனி ஒரு காலத்தில் வாதாடிப் பார்த்தது. ஆப்பிள் கணினிக்குப் போட்டியாக அவர்கள் செய்த மெஷினில் ஆப்பிளின் நிரல்கள் அப்படியே இருந்தன. ஆப்பிள் நிரலாளர் ஒருவரின் பெயரைக்கூட நீக்காமல் காப்பி அடித்திருந்தார்கள்! 1983ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ரோமில் இருக்கும் நிரலுக்கும் பதிப்புரிமை உண்டு என்று சொல்லிவிட்டது.

ஆக, ஒரு பழைய கணினியில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. ஒன்று கண்ணுக்குத் தெரிகிற பிரதி: அந்தச் சிப், அந்த ஃப்ளாப்பி. இன்னொன்று அதிலிருந்து புதுப் பிரதிகள் எடுக்கும் உரிமை. முதலாவது கைமாறும். இரண்டாவது, எழுதியவரிடமோ அவரிடமிருந்து வாங்கிய கம்பெனியிடமோதான் இருக்கும்.

இவ்வளவு தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ரோம் சிப் மெஷினுக்குள்ளேயே இருந்தால் அது மெஷினோடு சேர்ந்து வருகிறது. அசல் ஃப்ளாப்பிகளை விற்றவர் பெட்டியில் போட்டுக் கொடுத்தால் அவையும் வருகின்றன. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் 117 என்று ஒரு பிரிவு உண்டு. 1980ல் இன்றைய வடிவம் பெற்ற பிரிவு. நிரலின் பிரதிக்குச் சொந்தக்காரர் பாதுகாப்புக்காக ஒரு நகல் எடுத்துவைத்துக்கொள்ளலாம் என்கிறது. விற்கும்போது அசலோடு சேர்த்து நகலையும் கொடுத்துவிட வேண்டும், அல்லது நகலை அழித்துவிட வேண்டும். மெஷினை விற்றுவிட்டு நகலை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்வது கணக்கில் வராது. நியாயமான ஏற்பாடுதான்.

ஆனால் அந்தப் பிரிவில் 'சொந்தக்காரர்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது பாருங்கள், சிக்கல் முழுவதும் அதில்தான்.

மென்பொருள் கம்பெனிகள் கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்தன. "நாங்கள் உனக்கு எதையும் விற்கவில்லை, பயன்படுத்த லைசென்ஸ்தான் கொடுத்திருக்கிறோம்" என்று பெட்டிக்குள் ஒரு தாளை வைத்தன. விற்கவே இல்லை என்றால் முதல் விற்பனை ஏது? ஆட்டோகேட் மென்பொருளின் பழைய பெட்டிகளை ஒருவர் வாங்கி ஈபேயில் விற்றார். ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகம் கழித்துப்போட்ட பெட்டிகள் அவை. கம்பெனி தடுத்தது, வழக்கு நடந்தது. கீழ் நீதிமன்றத்தில் விற்றவர் ஜெயித்தார். 2010ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பைத் திருப்பிப் போட்டது. லைசென்ஸ் என்று தெளிவாகச் சொல்லி, கைமாற்றுவதற்கும் பயன்படுத்துவதற்கும் குறிப்பிடத்தக்க கட்டுப்பாடு போட்டிருந்தால், வைத்திருப்பவர் உரிமையாளர் இல்லை, லைசென்ஸ்தாரர்தான் என்றது. 1908ல் நாவலுக்குள் அச்சடித்து பதிப்பகத்தால் சாதிக்க முடியாததை, நூறு வருடம் கழித்து ஒரு லைசென்ஸ் தாள் சாதித்துவிட்டது.

ஐரோப்பா வேறு வழியில் போனது. காலவரையில்லாத உரிமையை ஒரு தொகைக்குக் கொடுத்தால் அதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் அது விற்பனைதான் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012ல், ஆரக்கிள் நிறுவனம் சம்பந்தப்பட்ட வழக்கில் சொன்னது. வாங்கியவர் மறுவிற்பனை செய்யலாம், தன்னிடம் இருக்கும் பிரதியைப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட வேண்டும், அவ்வளவுதான். கணக்குப்பதிவியலில் 'வடிவத்தைவிட உள்ளடக்கம் முக்கியம்' என்று சொல்லிக்கொடுப்பார்களே, கிட்டத்தட்ட அதே நியாயம்.

ஆனால் அதே நீதிமன்றம் 2016ல் இன்னொரு விஷயத்தையும் சொன்னது. லாட்வியாவிலிருந்து வந்த வழக்கு அது. அசல் தட்டு கெட்டுப்போயிருந்தாலும், தொலைந்தே போயிருந்தாலும், காப்பு நகலை உரிமையாளரின் அனுமதி இல்லாமல் அடுத்தவருக்கு விற்கக்கூடாது என்றது. பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு ஆட்டோகேட் வழக்கைவிட இதுதான் வயிற்றில் புளியைக் கரைக்கும். ஏனென்றால் அவர்களுடைய உலகத்தில் அசல் தட்டு கெட்டுப்போவது அபூர்வமான விபத்து இல்லை, அன்றாட நடப்பு. ஃப்ளாப்பி காந்தப் பூச்சு பூசிய ஒரு பிளாஸ்டிக் வட்டு. ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், காந்தப் பதிவு மெல்ல மெல்ல மங்கும். அமிகா ஃப்ளாப்பியை சாதாரண பிசியில் போட்டு காப்பி எடுக்கலாம் என்றாலும் முடியாது. பிசியின் ஃப்ளாப்பி கன்ட்ரோலருக்கு அந்தப் பதிவுமுறை புரியாது.

இப்போது இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கம்பெனி ஊழியர்கள் எழுதி 1985ல் வெளியான நிரலுக்கு அமெரிக்காவில் 95 வருடப் பாதுகாப்பு. அதாவது 2080ஆம் ஆண்டு முடியும்வரை. அந்த ஃப்ளாப்பி அதுவரை தாங்குமா? யாராவது ஒருவர் எங்காவது காப்பி எடுத்து வைத்திருந்தால்தான் 2081ல் அந்த நிரல் எல்லோருக்கும் பொதுவாக ஆகும்போது பொதுவாக்குவதற்கு ஏதாவது மிச்சம் இருக்கும்.

"கம்பெனியையே கேட்டு அனுமதி வாங்கிவிட வேண்டியதுதானே?" என்று தோன்றும். கேட்கலாம். எந்தக் கம்பெனியை? கொமடோர் 1994ல் திவாலானது. 1995ல் எஸ்காம் என்ற ஜெர்மன் நிறுவனம் வாங்கியது, அடுத்த வருடமே அதுவும் திவால். 1997ல் கேட்வே வாங்கியது. பிறகு அமிகா இன்க் என்ற புதிய நிறுவனத்திடம் போனது. அதற்கும் ஹைபீரியன் நிறுவனத்துக்கும் வழக்கு நடந்து 2009ல் சமரசம் ஆனது. அதற்குப் பிறகும் யாருக்கு எது சொந்தம் என்று வழக்குகள் தொடர்ந்தன. பாகப்பிரிவினை முடியாத பூர்வீக வீடு மாதிரி. அந்த வீட்டில் ஒரு அறையை வாடகைக்குக் கேட்டுப் போகிறவர் எந்தக் கதவைத் தட்டுவார்?

இதனால்தான் பலர் 'கைவிடப்பட்ட மென்பொருள்' என்று ஒரு பெயர் வைத்து, கம்பெனி விற்பதை நிறுத்திவிட்டால் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை. கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் அந்தச் சொத்தின் மதிப்பு பூஜ்யம் ஆகியிருக்கலாம். தேய்மானம் போட்டுத் தள்ளியாயிற்று என்பதால் உரிமை போய்விடாது. யாரும் வழக்குப் போடாமல் இருப்பது வேறு, அனுமதி இருப்பது வேறு.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. அதைச் செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள்.

பிரிட்டனின் சின்கிளேர் கணினிகளை 1986ல் அம்ஸ்ட்ராட் நிறுவனம் 50 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. ஸ்பெக்ட்ரம் கணினியின் ரோம் நிரல் உரிமையும் அதோடு வந்தது. 1999ல் அந்த நிறுவனத்தின் சார்பில் ஒரு பதில் வந்தது. எமுலேட்டர் எழுதுகிறவர்கள் ரோம் நிரலைச் சேர்த்துக் கொடுக்கலாம், அதிலுள்ள பதிப்புரிமைக் குறிப்பை மட்டும் மாற்றக்கூடாது, உரிமை எங்களுடையதாகவே இருக்கும். இவ்வளவுதான். அம்ஸ்ட்ராடுக்கு ஒரு பென்னி செலவில்லை, உரிமையையும் விட்டுக்கொடுக்கவில்லை. எத்தனையோ பேருடைய தலைவலி அன்றோடு தீர்ந்தது.

மைக்ரோசாஃப்ட் 2018ல் எம்எஸ்-டாஸ் 1.25, 2.0 இரண்டின் மூல நிரல்களையும் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய எம்ஐடி லைசென்ஸில் வெளியிட்டது. 2024ல் 4.0 பதிப்பும் வந்தது. அமிகா உலகத்திலும் ஒரு வழி உண்டு. கிளோவான்டோ நிறுவனம் 1997லிருந்து 'அமிகா ஃபாரெவர்' என்ற பெயரில் கிக்ஸ்டார்ட் நிரல்களை முறையான உரிமத்தோடு விற்கிறது. இலவசம் இல்லை, ஆனால் கதவைத் தட்டினால் திறக்க ஒரு ஆள் இருக்கிறார்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. டெக் நிறுவனத்தின் வாக்ஸ் கணினிகளில் ஓடிய விஎம்எஸ் இயங்குதளத்துக்கு லைசென்ஸ் சாவி வேண்டும். சாவி இல்லாவிட்டால் கன்சோலில் மட்டும்தான் நுழையலாம். 1997லிருந்து ஆர்வலர்களுக்கு இலவசமாக, வருடாவருடம் புதுப்பிக்கும்படி சாவி கொடுத்தார்கள். டெக்கை 1998ல் காம்பேக் வாங்கியது, காம்பேக்கை 2002ல் எச்பி வாங்கியது. கடைசியில் எச்பி என்டர்பிரைஸ் 2020ல் அந்தத் திட்டத்துக்கு மூடுவிழா நடத்தியது. இயங்குதளத்தை இப்போது வளர்க்கும் நிறுவனம் அதே வருடம் தன் சார்பில் ஆர்வலர் லைசென்ஸ் தொடங்கியபோது, அதில் வாக்ஸ் மெஷின்களுக்கு இடம் இல்லை. மெஷின் ஓடுகிறது, மென்பொருள் தட்டும் கையில் இருக்கிறது, சாவியின் தேதி மட்டும் முடிந்துவிட்டது. இத்தனைக்கும் வைத்திருந்தவர்கள் முறைப்படி வரிசையில் நின்று சாவி வாங்கியவர்கள்.

இந்த இரண்டு கதைகளுக்கும் நடுவில் சட்டம் ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. ஒரு இடத்தில் உரிமையாளர் நாலு வரி எழுதிக் கொடுத்தார், இன்னொரு இடத்தில் கொடுத்ததை நிறுத்திக்கொண்டார். பழைய கணினிக்காரர்கள் கேட்பது பதிப்புரிமையை ஒழித்துவிடச் சொல்லி இல்லை. விற்பதையும் நிறுத்திவிட்டீர்கள், உதவி செய்வதையும் நிறுத்திவிட்டீர்கள், இதில் உங்களுக்கு வருமானம் எதுவும் இல்லை. எங்களிடம் மெஷின் இருக்கிறது, அதற்குரிய நிரலை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள். கம்பெனியை மூடுகிறபோதும் விற்கிறபோதும் மேஜை நாற்காலிக்கெல்லாம் பட்டியல் போடுகிறார்கள். அந்தப் பட்டியலோடு இந்த ஒரு தாளையும் சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

அதுவரை வாங்குகிறவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பேரம் பேசும்போது மெஷின் ஓடுகிறதா என்று மட்டும் பார்க்காமல், ஃப்ளாப்பி எங்கே, கையேடு எங்கே, லைசென்ஸ் தாள் எங்கே என்றும் கேட்க வேண்டும். 1990களில் வந்த மைக்ரோசாஃப்ட் லைசென்ஸ் தாள்களில், நகல் எதையும் வைத்துக்கொள்ளாமல் முழுமையாகக் கைமாற்றலாம் என்று இருக்கும். அந்தத் தாளைக் குப்பையில் போட்டவர் தன் உரிமையின் அத்தாட்சியையும் சேர்த்துப் போட்டுவிட்டார். விற்கிறவர்களும் பரணில் தேடிப் பார்த்து, எழுத்து மங்கிய அந்த ஃப்ளாப்பிகளையும் பெட்டியில் போட்டுக் கொடுக்கட்டும். நிலம் வாங்குகிறபோது மூலப் பத்திரம் கேட்காமல் யாராவது முன்பணம் கொடுப்பார்களா?