ஏன் உறைந்தது?

ஜூன் 9, இரவு

தங்கை ஐ.சி.யூ.வில் இருக்கிறாள். வயது 31. இடது கால் தப்பிவிட்டது என்கிறார்கள்.

விடியற்காலையில் கெண்டைக்கால் வலிக்கிறது என்றாள். பாதம் வெளுத்து ஜில்லிட்டிருந்தது. வாயுப்பிடிப்பு என்று அம்மா தைலம் தேய்த்தாள். தெருமுனை கிளினிக்கில் வலிக்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். "அக்கா, விரலை அசைக்க முடியல" என்று அவள் அழுத பிறகுதான் தஞ்சாவூருக்குக் கார் பிடித்தோம்.

அவசரப் பிரிவு டாக்டர் முதலில் புறங்காலில் விரல் வைத்து நாடி பார்த்தார். நாடி இல்லை. தொடைத் தமனியை ரத்தக் கட்டி அடைத்திருந்தது. ரத்த ஓட்டம் நின்றால் ஆறு மணி நேரத்துக்குள் தசையும் நரம்பும் சாகத் தொடங்கிவிடுமாம். நுனியில் பலூன் உள்ள மெல்லிய குழாயைக் கட்டியைத் தாண்டிச் செலுத்தி, பலூனை ஊதி, பின்னால் இழுத்துக் கட்டியை வெளியே எடுத்தார்கள். தாமஸ் ஃபோகார்ட்டி என்ற அமெரிக்கர் மருத்துவ மாணவராக இருந்தபோதே யோசித்த கருவி, 1963இல் வெளியுலகுக்கு வந்தது என்று வாசலில் உட்கார்ந்து போனில் படித்தேன். முகம் தெரியாத அந்த மனிதரை மனதாரக் கும்பிட்டேன்.

ஜூன் 11

"சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, எக்கோவிலும் ஒன்றும் இல்லை. இந்த வயசில் தமனி சும்மா அடைக்காது" என்றார் பெரிய டாக்டர். பிறகு அம்மாவிடம் கேட்டார்: "கர்ப்பம் ஏதும் கலைஞ்சிருக்காம்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன். இரண்டு தடவை, இரண்டும் மூன்று மாதம் தாண்டிய பிறகு. அதற்காக அவள் புகுந்த வீட்டில் கேட்ட பேச்சையெல்லாம் எழுத எனக்குக் கை வரவில்லை.

தொடையில் வலைபோல ஊதாவாகப் படர்ந்திருந்த தடத்தையும் அவர் பார்த்தார். ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருப்பதையும் சேர்த்துக்கொண்டார். இவை எல்லாமே எங்களுக்குப் பழைய சங்கதிகள். கர்ப்பத்தை ஒருவர் பார்த்தார், தோலுக்கு இன்னொருவர் களிம்பு கொடுத்தார். ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க ஒருவரும் இல்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தை ஏற்றுவதற்கு முன்பே எடுத்து வைத்திருந்த ரத்தம் சோதனைக்குப் போயிருக்கிறது. ஹெப்பாரின் கலந்துவிட்டால் முடிவு குழம்பிவிடுமாம். எடுத்து வைக்கச் சொன்னவர் அந்த அவசரப் பிரிவு டாக்டர்.

ஜூன் 14

ஆன்டிபாஸ்போலிப்பிட் சின்ட்ரோம். வார்டில் எல்லோரும் 'ஆப்லா' என்கிறார்கள். கிருமியை எதிர்க்க வேண்டிய எதிரணுக்கள் சொந்த உடம்பின் மீதே திரும்புகின்றன. செல்லின் கொழுப்புப் படலத்தில் ஒட்டும் ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டு, ரத்தக் குழாயின் உட்சுவரையும் தட்டணுக்களையும் உசுப்பிவிடுகின்றன. ரத்தம் உறைகிறது. சிரையிலும் உறையும், தமனியிலும் உறையும். மூளைத் தமனியில் உறைந்தால் பக்கவாதம். நஞ்சுக்கொடியைத் தாக்கினால் குழந்தை தங்காது. மூன்று சோதனைகள் செய்தார்கள். மூன்றிலும் பாசிட்டிவ்.

ஒரு விஷயம் எனக்குப் புரியவே நேரம் பிடித்தது. சோதனைக் குழாயில் அவள் ரத்தம் வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் உறைந்திருக்கிறது. உறைவதற்கு வேண்டிய கொழுப்பை அங்கே எதிரணுக்கள் மறித்துக்கொள்கின்றன. சோதனைக் குழாய்க்குள் உசுப்புவதற்கு ரத்தக் குழாயின் சுவர் கிடையாது. உடம்புக்குள் இருக்கிறது.

லண்டனில் கிரஹாம் ஹியூஸும் அவர் குழுவினரும் 1983இல்தான் இந்த நோயை இனங்காட்டினார்கள். அதற்கு வெகு முன்பே, இதே எதிரணுக்களால் சிலருக்கு மேகநோய் (சிபிலிஸ்) சோதனை பொய்யாகப் பாசிட்டிவ் காட்டியது. 1952இல் அதை எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படியொரு சீட்டோடு வீடு திரும்பிய பெண்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்! அவர்களும் குழந்தையை இழந்தவர்களாக இருந்திருக்கலாம்.

ஜூலை 20

வீட்டுக்கு வந்துவிட்டாள். ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் வார்ஃபாரின் மாத்திரை, கூடவே குறைந்த அளவு ஆஸ்பிரின். ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவை லேபில் பார்க்கிறோம், 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் உறையும், கூடினால் எங்காவது ரத்தம் கசியும். கீரை வார்ஃபாரினின் வேலையைப் பாதிக்கும், ஆனாலும் நிறுத்த வேண்டாம், வாரா வாரம் ஒரே அளவாகச் சாப்பிடு என்றிருக்கிறார்கள். முருங்கைக்கீரையை அம்மா கப்பில் அளந்து போடுகிறாள்.

சோதனையே வேண்டாத புது மாத்திரைகள் வந்திருக்கின்றனவே என்று சித்தப்பா கேட்டார். நான் டாக்டரிடம் கேட்டேன். இவளுக்குக் கூடவே கூடாது என்றார். இவளைப் போல மூன்றும் பாசிட்டிவானவர்களுக்கு இத்தாலியில் அந்தப் புது மாத்திரைகளில் ஒன்றான ரிவரோக்ஸபானைக் கொடுத்துப் பார்த்தார்கள். வார்ஃபாரின் எடுத்தவர்களைவிட அவர்களுக்குப் பக்கவாதமும் மாரடைப்பும் அதிகம் வந்ததால் ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். 2018இல் முடிவு வெளியானது. மறு வருடம் ஐரோப்பிய மருந்து ஆணையமும் எச்சரித்தது. நல்லெண்ணத்தில் ஒருவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தால்கூட அவளுக்கு ஆபத்து. அதனால் அவள் பையில் ஒரு அட்டையில் நோயின் பெயரையும் இந்த மாத்திரைகள் கூடாது என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 12

மறுசோதனை முடிவு வந்தது. ஏதாவது தொற்று வந்தால்கூட இந்த எதிரணுக்கள் கொஞ்ச காலம் தலைகாட்டிவிட்டுப் போகும். அதனால் குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி பார்த்தால்தான் நோயை உறுதிசெய்வார்கள். வார்ஃபாரின் சாப்பிடும்போது அந்த மூன்று சோதனைகளில் ஒன்றை நம்ப முடியாது. மற்ற இரண்டையும் மருந்து மாற்றாது. அவை இரண்டும் இறங்கவே இல்லை. மாத்திரை ஆயுளுக்கும்.

அவள் அழவில்லை. "குழந்தை?" என்று மட்டும் கேட்டாள். இப்போது வேண்டாம், கால் நன்றாகத் தேறட்டும் என்றார் டாக்டர். வார்ஃபாரின் கருவைக் கெடுக்கும். ஆகவே முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஹெப்பாரின் ஊசிக்கு மாறி, ஆஸ்பிரினோடு கவனமாகப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்துப் பிள்ளை பெற்றவர்கள் நிறையப் பேர் உண்டு. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப அது என் ராசி இல்லை, இல்லையாக்கா?" என்றாள். இல்லை. ஒருநாளும் இல்லை.

இந்தப் பக்கங்களைப் பத்திரிகைக்குக் கொடுக்கச் சொன்னதும் அவள்தான். படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திடீரென்று கையோ காலோ வெளுத்து ஜில்லிட்டால் தைலத்தைத் தேடாதீர்கள். அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இளம் வயதில் ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்தது என்றால், கலைந்த கர்ப்பங்களை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லி, ஆப்லா சோதனை பார்த்தாயிற்றா என்று கேளுங்கள்.