கோணல் தோளுக்கு ஒரு கோட்டு

புதுச்சேரி வெயிலுக்கு கோட்டு சூட்டு தேவையான்னு கேட்டா, தேவையே இல்லைதான். ஆனா அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். வரவேற்புக்கு மாப்பிள்ளை கோட்டுலதான் நிக்கணும்னு பொண்ணு வீட்ல ஆசைப்பட்டாங்க. "வெள்ளைக்காரன் வேஷம் போடப் போறியாடா?"ன்னு அப்பா கேட்டதுதான் கொஞ்சம் உறுத்துச்சு.

ரெடிமேட் வேணாம்னு நேரு வீதி பக்கத்து சந்துல ஒரு மாஸ்டர்கிட்ட போனேன். சட்டைக்கு எடுக்கற மாதிரி அஞ்சு நிமிஷ அளவு இல்லீங்க இது. இடது தோள் தனி, வலது தோள் தனி, ரெண்டு கையும் தனித்தனி. கண்ணாடியைப் பார்த்ததும் நெஞ்சை நிமிர்த்தினேன். "வேணாம் தம்பி, ஆபீஸ்ல எப்படி நிப்பீங்களோ அப்படியே நில்லுங்க"ன்னார். நம்ம பாஷையில ரெக்வயர்மெண்ட் கேதரிங் :-)

பத்து நாள் கழிச்சு முதல் டிரையல். கை வைக்காத கோட்டு, உடம்பு பூரா வெள்ளை நூல்ல பெரிய பெரிய தையல். எல்லாம் பிரிக்கறதுக்குன்னே போட்ட தையலாம். மாஸ்டர் முன்பக்கத்தை விட முதுகைத்தான் அதிக நேரம் பார்த்தார். முடிஞ்ச கோட்டுல இடுப்பைப் பிடிக்கலாம், கை நீளத்தைக் குறைக்கலாம், தோளைத் திருத்தறதுதான் ரொம்பக் கஷ்டம்னார்.

அன்னிக்குத்தான் தெரிஞ்சது, என் வலது தோள் அரை இன்ச் இறக்கம். லேப்டாப் பையின் உபயம். மானிட்டரையே பார்த்துப் பார்த்து கழுத்து முன்னாடி வந்ததுல காலர் பிடரியை ஒட்டாம விலகி நின்னுச்சு. வலது தோளுக்குள்ள கொஞ்சம் கூடுதல் பஞ்சு, முதுகுத் துணியில கொஞ்சம் நீளம்னு சாக்பீஸால குறிச்சுக்கிட்டார். "உடம்பை மாத்தச் சொல்ல நான் டாக்டரா தம்பி? துணியை மாத்திக்கலாம்."

எனக்கு வேஷங்கற உறுத்தல் அங்கேயே போயிடுச்சு. என் கோணலுக்கு வெட்டின துணி இன்னொருத்தன் வேஷமா எப்படி ஆகும்?

உடுப்புக்காக கோர்ட் ஏறின ஊருங்க இது. 1873ல் வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை ஐரோப்பிய ஷூ போட்டுட்டு கோர்ட்டுக்கு வந்தார்னு தடுத்தாங்க. மனுஷன் விடலை, பாரீஸ் வரைக்கும் வழக்கைக் கொண்டு போய் ஜெயிச்சார். 1881ல் பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏத்துக்கறவங்களுக்கான ஆணை வந்தப்போ அந்த இயக்கத்துக்கும் அவர்தான் முன்னாடி நின்னார், 'லாபோர்த்'னு பேரும் வச்சுக்கிட்டார். பிரெஞ்சுல கதவுன்னு அர்த்தம். இதை அப்பாகிட்ட சொன்னேன். "அவரு ஷூதானே போட்டாரு?"ன்னார். அசரவே மாட்டார்.

ரெண்டாவது டிரையல்ல கை வச்சாச்சு. சட்டைக்கை அரை இன்ச் வெளிய தெரியணுமாம். மூணாவதுக்கு அப்பாவும் வந்தார். ஒண்ணும் சொல்லலை. என் பிடரியில காலரைத் தடவிப் பார்த்துட்டு, "வேட்டிக்கு மேல போடற மாதிரி எனக்கு ஒண்ணு தைப்பீங்களா?"ன்னு மாஸ்டரைக் கேட்டார்!

முதல் கோட்டு தைக்கப் போறவங்களுக்கு: விசேஷத்தன்னிக்குப் போடற அதே சட்டை, அதே ஷூவோட டிரையலுக்குப் போங்க. நம்ம ஊருக்கு மெல்லிசு கம்பளித் துணி, பாதி லைனிங் போதும். உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்க, கல்யாணத்துக்கப்புறம் தொப்பை வந்தா பிரிச்சு விட்டுக்கலாம். கடைசி பட்டனை மட்டும் போடாதீங்க, மாஸ்டர் பார்த்தா திட்டுவார் :-)