கடைப்பெயர் சூடிய போத்தல்

கென்ரக்கி மாநிலத்து லூயிவில் நகரிலே, முன்னொரு காலத்தில் நம்மிடம் கணிதம் படித்த ஒருவரின் வீட்டில், 2023 ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் இரண்டு கிழமை தங்கியிருந்தோம். முதல் நாள் இரவு சாப்பாட்டுக்கு முன்னர் அவர் அலமாரியைத் திறந்து ஒரு போத்தலை எடுக்கக் கைநீட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, கையை இழுத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற வேறொன்றை எடுத்தார்.

"முதலில் தொட்டதை ஏன் விட்டீர்?" என்று கேட்டோம்.

"அது கடைச் சரக்கு, சேர். நாங்கள் குடிக்கிறது. வாற ஆட்களுக்கு வைக்கிறதில்லை," என்றார்.

ஆசிரியரும் மாணவரும் படிக்கும் ஏட்டிலே மதுவைப் பற்றி எழுதலாமோ என்று கேட்கும் அன்பர்கள் இருப்பர். குடி கெடுத்த குடும்பங்களை நாமும் அறிவோம். எவரையும் குடிக்கச் சொல்லி எழுத வரவில்லை. ஆனால் அந்தக் கை ஏன் பின்வாங்கியது என்ற கேள்வி மதுவோடு மட்டும் நின்றுவிடுகிற கேள்வியன்று.

அந்தப் போத்தலை வாங்கிப் பார்த்தோம். ஒரு பெரிய பலசரக்குக் கடை தன் பெயரிலேயே விற்கும் போர்பன் விஸ்கி அது. கென்ரக்கியில் பலசரக்குக் கடையின் உள்ளே விஸ்கி விற்கச் சட்டம் இடந்தராது. வேறு வாசல் வைத்து விற்க வேண்டும். அந்த வேறு வாசலில் 14 டொலருக்கு வாங்கியதாம். விருந்தினருக்கென்று வைத்திருந்ததன் விலை 45 டொலர். ஒன்றின் கழுத்திலே மெழுகு முத்திரை, தடித்த கண்ணாடி, ஒரு தாடிக்காரரின் படம். மற்றதிலே கடையின் பெயரும் சில சிறிய எழுத்துக்களும்.

சிறிய எழுத்துக்களைப் படிப்பது ஆசிரியத் தொழில் நமக்குத் தந்த வியாதி. அவற்றை விளங்கிக்கொள்ள அந்நாட்டுச் சட்டத்தைச் சிறிது அறிந்திருக்க வேண்டும். போர்பன் என்று பெயரிட வேண்டுமாயின் ஊறவைக்கும் தானியத்தில் நூற்றுக்கு 51 வீதமாவது சோளமாக இருக்க வேண்டும். வடித்து வரும்போது மதுசாரம் 80 வீதத்துக்கு மேற்படலாகாது. பீப்பாவில் ஊற்றும்போது 62.5 வீதத்துக்கு மேற்படலாகாது. பீப்பா, உட்புறம் கருக்கப்பட்ட புதிய ஓக் மரத்தினதாய் இருத்தல் வேண்டும். ஒருமுறை போர்பன் ஊறிய பீப்பாவில் இன்னொருமுறை போர்பன் ஊற முடியாது. நிறமும் சுவையும் வெளியிலிருந்து சேர்க்கலாகாது. இரண்டு ஆண்டுகளேனும் ஊறினால் 'ஸ்ட்ரெயிட்' என்ற சொல்லைச் சேர்க்கலாம். ஆனால் நான்கு ஆண்டுகளுக்குக் குறைந்ததாயின் வயதைப் பெயர்த்தாளில் சொல்லியே ஆகவேண்டும். போர்பன் அமெரிக்காவுக்கே உரிய தனிப்பொருள் என்று 1964 இல் அந்நாட்டுக் கொங்கிரஸ் தீர்மானமும் செய்தது.

தாடிக்காரருக்கும் கடைக்காரனுக்கும் சட்டம் ஒன்றே. நம் கையிலிருந்த போத்தல், கென்ரக்கி ஸ்ட்ரெயிட் போர்பன், வயது 36 மாதம், மதுசாரம் 40 வீதம் என்று சொல்லிற்று. வடித்தவர் யார் என்று மட்டும் சொல்லவில்லை. இன்னாருக்காக இன்ன ஊரில் போத்தலில் அடைக்கப்பட்டது என்பதோடு நின்றுவிட்டது. வடித்தவர் வேறு, அடைத்தவர் வேறு, விற்பவர் வேறு என்பது அத்தொழிலிலே சர்வசாதாரணம். கடைப்பெயர்ப் போத்தல்கள் மட்டுமன்று, தாத்தாவின் தாத்தா கதையை முதுகிலே அச்சடித்து வரும் விலையுயர்ந்த பல போத்தல்களும், வேறொருவர் வடித்த விஸ்கியை வாங்கி அடைத்தவையே. இந்தியானா மாநிலத்து லோறன்ஸ்பேர்க் ஊரிலுள்ள ஒரே வடிசாலையிலிருந்து எத்தனையோ பெயர்களுக்கு விஸ்கி போயிருக்கிறது.

மறுநாள் மாலை நாம் ஒரு பரீட்சை வைத்தோம். நண்பரின் மனைவி நான்கு விஸ்கிகளை நான்கு கிளாசுகளில் ஊற்றி, அடியிலே எண்ணெழுதிய கடதாசித் துண்டுகளை வைத்தார். பக்கத்து வீட்டுப் பெரியவரும் வந்திருந்தார். கறுப்பினத்தவர்; எழுபதைக் கடந்தவர்; பீப்பாக் களஞ்சியத்திலே முப்பது ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவர்.

முதலாவது காரமாகத் தொடங்கி நெடுநேரம் நெஞ்சிலே நின்றது. இரண்டாவதில் அறுத்த பலகையின் பச்சை வாசனை. நாக்கிலே கருகிய பனங்கட்டிப் பாகும் வறுத்த கடலையும் போன்ற ஒரு தித்திப்பு. விழுங்கியதும் சட்டென்று மறைந்தது. மூன்றாவது வெறும் மரக்கசப்பு. கிளாசைக் கவிழ்த்துவிடலாம் போலிருந்தது. நான்காவது முதலாவதற்கு ஒருபடி கீழே. முதலாவதற்கு முதலிடமும், இரண்டாவதற்கு இரண்டாமிடமும் கொடுத்தோம். மூன்றாவதுதான் கடைச் சரக்கு என்று, வகுப்பிலே விடை சொல்லும் தொனியில் அறிவித்தோம்.

கடதாசிகள் எடுக்கப்பட்டன. மூன்றாவது தாடிக்காரர். கடைச் சரக்கு, நாம் இரண்டாமிடம் கொடுத்த இரண்டாவது கிளாஸ்.

இதைக் கொண்டு மலிவெல்லாம் நல்லது, விலையெல்லாம் மோசடி என்று முடிவுகட்ட நாம் தயாரில்லை. பிறகு பல மாலைகள் அந்தக் கடை விஸ்கியைத் தனியே சுவைத்துப் பார்த்தோம். நேர்மையான சரக்கு, ஆனால் இளையது. இரண்டு கரண்டி தண்ணீர் சேர்த்தால் முதலாவது விரிந்து கொடுக்கிறது; இது தளர்ந்துவிடுகிறது. பனிக்கட்டி இட்டால் சோளத்தின் தித்திப்பு மட்டுமே மிஞ்சுகிறது. நூற்றுக்கு 60 புள்ளி கொடுக்கலாம். தாடிக்காரருக்கு 45 க்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

பெரியவர் நான்கில் மூன்றைச் சரியாகச் சொன்னார். பிழைத்த ஒன்றுக்காக உரக்கச் சிரித்தார். கடைச் சரக்கை எவ்வாறு கண்டுபிடித்தார் என்று கேட்டோம். களஞ்சியத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அங்கே பீப்பாக்கள் தட்டுத் தட்டாக அடுக்கப்பட்டிருக்கும். கோடையிலே மேல்மாடிகள் அடுப்பாய்க் கொதிக்கும். அங்கே விஸ்கி மரத்துக்குள் ஆழப் புகுந்து விரைவில் முதிரும். ஆவியாகிப் போவதும் அதிகம். அப்படிப் போவதைத் தேவதூதரின் பங்கு என்கிறார்கள். கீழ்மாடிகளில் எல்லாம் மெதுவாக நடக்கும். "இது மூன்று வருஷச் சரக்கு. கொஞ்சம் மேலே இருந்த பீப்பாக்களிலிருந்து எடுத்திருக்க வேண்டும், அல்லாவிட்டால் இந்த நிறம் வராது," என்றார்.

பிறகு அவர் சொன்னதை நாம் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஒரு பீப்பா ஏறக்குறைய 200 லீற்றர் கொள்ளும். நிறைந்தால் 230 கிலோவுக்குக் குறையாது. அதை உருட்டித் தட்டிலே ஏற்றும்போது, அது போய் நிற்கும் இடத்தில் அடைப்பான் உச்சியை நோக்கி இருக்க வேண்டும், இல்லையேல் ஒழுகும். எத்தனையாவது இடத்துக்குப் போகிறது என்று பார்த்து, உருட்டத் தொடங்கும்போதே அடைப்பான் மணிக்கூட்டின் எந்த எண்ணில் இருக்க வேண்டுமென்று மனத்திலே கணக்கிட வேண்டும். "பிழை விட்டால் திரும்ப இழுக்க வேண்டும். இரண்டு நாளிலே கணக்கு வந்துவிடும், முழங்கால் போக இருபது வருஷமாகும்," என்றார். கணிதம் கற்பித்த நாமும் கற்ற நண்பரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

விஸ்கியின் சரித்திரத்திலே உழைத்தவனின் பெயர் ஒருபோதும் முன்வந்ததில்லை. 1791 இல் விதிக்கப்பட்ட வரி, சிறு வடிப்பாளரைப் பெரியவர்களைவிட அதிகம் நசுக்கிற்று. மேற்குப் பென்சில்வேனியா விவசாயிகள் கிளர்ந்தபோது 1794 இல் ஜனாதிபதி வாஷிங்ரன் படையோடு புறப்பட்டார். அதே வாஷிங்ரன் சில ஆண்டுகளில் தம் பண்ணையிலே வடிசாலை அமைத்தார். அங்கே வேலை செய்தோர் அடிமைகள். அயல் மாநிலமான ரெனசியிலே ஜாக் டானியலுக்கு வடிக்கும் வித்தையைக் கற்றுக்கொடுத்தவர் நியரஸ்ற் கிறீன் என்ற அடிமை மனிதர் என்பது பரவலாகத் தெரியவந்தது 2016 க்குப் பின்னரே. நம் ஊரிலும் பனையேறிய கையின் பெயரைத் தாங்கிய போத்தல் ஒன்றை நாம் கண்டதில்லை.

பெரியவர் ஓய்வுபெற்ற பின்னரும் போராட்டங்கள் ஓயவில்லை. 2016 இல் ஜிம் பீம் தொழிலாளர் நீண்ட வேலைநேரத்தையும் தற்காலிக ஆட்களை நிரப்புவதையும் எதிர்த்து நின்றனர். 2018 இல் ஃபோர் றோசஸ் தொழிலாளர், புதிதாய்ச் சேர்வோருக்கு வேறு நியாயம் வைப்பதை எதிர்த்தனர். 2021 இல் பாட்ஸ்ரவுண் ஊரிலே ஹெவன் ஹில் தொழிலாளர் ஏறக்குறைய 420 பேர் ஆறு கிழமை வெளியே நின்றனர்.

இதைக் கேட்டபோது வடித்தவர் பெயரில்லாத அந்தப் போத்தல் நம்மை வேறுவிதமாக உறுத்தியது. 14 டொலருக்கு நியாயமான சரக்கு கிடைக்கிறது, மெய்தான். ஆனால் நாளை ஒரு வடிசாலையிலே வேலைநிறுத்தம் நடந்து, அதன் சரக்கை வாங்காதீர் என்று தொழிலாளர் கேட்டால், எந்தப் போத்தலை நாம் தவிர்ப்பது? தாடிக்காரர் வெட்கத்தை மறைக்கப் படம் போட்டிருக்கிறார். கடைக்காரன் படமே போடாமல் மறைக்கிறான். அந்த 31 டொலர் வித்தியாசத்தில் பீப்பா உருட்டியவருக்கு ஒரு சதம் கூடப் போயிருக்குமென்று பெரியவர் நம்பவில்லை.

இவ்வளவும் அறிந்த பிறகு நாம் செய்ததையும் சொல்லிவிடுகிறோம். சனிக்கிழமை இரவு நண்பரின் பாடசாலை ஆசிரியர்கள் சிலர் விருந்துக்கு வந்தனர். வாசல் மணி ஒலித்தபோது நண்பர் அடுக்களையில் நின்றார். மேசையிலிருந்த கடைப் போத்தலை எடுத்து அலமாரியின் பின்வரிசையில் வைத்தது நம்முடைய கை. தாடிக்காரரை முன்னே வைத்ததும் அதே கைதான். எவரும் சொல்லவில்லை, நண்பர் பார்க்கவுமில்லை.

பெரியவர் கடைசியாக வந்தார். மேசையைப் பார்த்தார், அலமாரியைத் திறந்து பின்வரிசையில் கைவிட்டு அந்தப் போத்தலை வெளியே எடுத்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சிறிய எழுத்துக்களிலிருந்த ஊரின் பெயரை வாய்விட்டுப் படித்தார்.

"இந்த ஊரிலே போத்தல் அடைக்கிற இடம் எனக்குத் தெரிய ஒன்றுதான்," என்றார். "என் தங்கையின் மகள் அங்கே இரவு வேலை செய்கிறாள்."

தம் கிளாசில் ஊற்றிக்கொண்டு, போத்தலை நமக்கு நேரே நீட்டினார்.