பாகமும் அணுவும்

இராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டிக்குத் தெற்கே, பாக்கு நீரிணையின் கரையில் அமைந்த சிற்றூர் காரங்காடு. அங்குள்ள கழியின் இருமருங்கும் அலையாத்தி மரங்கள் அடர்ந்து நிற்கும். அக்கழியின் வழியே என் பாட்டனார் வள்ளம் செலுத்திக் கடலுக்குச் செல்வார். எனக்குப் பத்து வயது நிரம்பியபோது, நீரின் ஆழத்தைப் பார்த்துச் சொல்லும் பணியை என்னிடம் ஒப்படைத்தார்.

ஈயக்குண்டு கட்டிய கயிற்றை நீரில் விட்டு, ஆழத்தைப் பாகக் கணக்கில் கூறுதல் வழக்கம். இரு கைகளையும் அகல விரித்தால், ஒரு கையின் விரல் நுனியிலிருந்து மறு கையின் விரல் நுனிவரை உள்ள நீளமே ஒரு பாகம். பழைய கயிறு நைந்து போகவே, நானே புதுக்கயிறு எடுத்து, என் கைகளால் அளந்து முடிச்சிட்டேன். மறுநாள் மீனுடன் திரும்புகையில், "ஒரு பாகம்!" என்று கூவினேன். ஆறடி நீர் உண்டென நம்பிப் பாட்டனார் வள்ளத்தைத் திருப்பினார். அங்கே இருந்ததோ நாலரை அடி நீரே! சுக்கான் சேற்றில் புதைந்தது. ஓதம் ஏறும்வரை வெயிலில் காத்துக் கிடந்தோம்; பிடித்த மீன் முழுவதும் கெட்டது.

நான் அழுதேன். பாட்டனார் சினந்தாரில்லை. "நீ பொய் சொல்லவில்லை, தம்பி. உன் பாகம் வேறு, என் பாகம் வேறு. கயிற்றை அளந்து பாராதது என் பிழையே" என்றார்.

ஆண்டுகள் சில சென்றன. பள்ளியில் தமிழாசிரியர் பழைய நீட்டலளவை வாய்பாட்டைக் கற்பித்தார். எட்டு அணு ஒரு தேர்த்துகள். எட்டுத் தேர்த்துகள் ஒரு பஞ்சிழை. எட்டுப் பஞ்சிழை ஒரு மயிர். இவ்வாறே நுண்மணல், சிறுகடுகு, எள், நெல், விரல் என அவ்வளவை எட்டெட்டாக ஏறும். ஒரு விரலுக்கு 1,67,77,216 அணு! நான் பெருமிதத்தோடு அறிவியல் ஆசிரியரிடம் ஓடி இதனைக் கூறினேன். அவர் புன்முறுவலுடன், "யாருடைய விரல்?" என்று வினவினார். சேற்றில் புதைந்த சுக்கான் என் கண்முன் வந்து நின்றது.

பின்னர் அவரே விளக்கினார். "மீட்டர் உலகினர் அனைவரும் ஒப்புக்கொண்ட அளவு. அதனை ஆயிரம் கோடிப் பங்கு செய்தால் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம். சுவீடன் நாட்டு ஆங்ஸ்ட்ராம் என்னும் அறிஞர் 1868இல் கதிரவன் ஒளியின் அலைநீளங்களை இவ்வளவிலேயே வெளியிட்டார். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு கோடி ஆங்ஸ்ட்ராம். நீர்வாயு அணுவின் குறுக்களவு ஏறத்தாழ ஓர் ஆங்ஸ்ட்ராம். இனி உன் விரலை அளந்து கணக்கிடு" என்றார்.

விரலின் அகலம் இரண்டு சென்டிமீட்டர். அஃதாவது 20 கோடி ஆங்ஸ்ட்ராம். வாய்பாட்டின்படி வகுத்தேன். நம் முன்னோர் கூறிய அணு ஏறத்தாழ 12 ஆங்ஸ்ட்ராம் ஆயிற்று! வியந்து நின்றேன். "மயிரையும் கணக்கிட்டுப் பார்" என்றார் ஆசிரியர். உண்மையான தலைமயிர், வாய்பாட்டு மயிரினும் நூறு மடங்களவு பருத்திருந்தது. முன்னோர் நுண்மையை எண்ணிப் பார்த்தனர்; அளந்து பார்த்தாரில்லை. எண்ணியதும் பெருமையே, ஆயினும் எண்ணுதல் வேறு, அளத்தல் வேறு.

அணுக்களின் இடைவெளியை அளந்தோர் உளர். 1913இல் பிராகு என்னும் தந்தையும் மைந்தரும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு உப்புப் படிகத்தை ஆராய்ந்தனர். அதில் சோடியமும் குளோரினும் 2.82 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் மாறிமாறி அணிவகுத்துள்ளன.

விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது, கழிக்கரையில் வெண்கண்டல் இலையொன்றைப் பறித்தேன். அம்மரம் தான் உறிஞ்சிய உப்பை இலையின் வழியே வெளியேற்றும். வெயிலில் காய்ந்த உப்புப்பொடி அதன்மேல் மின்னியது. "இவ்வுப்பு ஒரு மில்லிமீட்டர் நீளம் இருந்தால், அதன் ஒரு வரிசையில் 35 இலட்சம் அணுக்கள் நிற்கும், தாத்தா" என்றேன்.

பாட்டனார் இலையை வாங்கிப் பார்த்தார். "யார் கையால் அளந்தது?" என்று கேட்டார்.

"யார் அளந்தாலும் அதே அளவுதான், தாத்தா" என்றேன்.

அவர் மகிழ்ந்து, வள்ளத்திலிருந்த கயிற்றை எடுத்து என் கையில் தந்தார். அன்று மாலை அடிக்கோலை வைத்து, ஆறடிக்கு ஒரு முடிச்சாக அதனை மீண்டும் முடிந்தேன்.