ஈலிங் ரோடு: வெம்ப்ளி முதல் ஆல்பர்ட்டன் வரை

லண்டனின் வடமேற்குப் புறநகரான வெம்ப்ளியைக் கால்பந்து மைதானத்தால்தான் உலகம் அறியும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அங்கே வேறொரு முகவரி உண்டு: ஈலிங் ரோடு. பேக்கர்லூ ரயில் நிற்கும் வெம்ப்ளி சென்ட்ரலுக்குப் பக்கத்தில் ஹை ரோட்டிலிருந்து பிரிகிறது. தெற்கே போய், பிக்கடில்லி ரயில் நிற்கும் ஆல்பர்ட்டனைத் தொடுகிறது. விறுவிறுவென நடந்தால் இருபது நிமிடம். பசியோடு போனால் அரை நாள்.

வெம்ப்ளி முனையில் மசூதி, சற்றுத் தள்ளி நகைக்கடைகள், புடவைக் கடைகள். அப்புறம் காய்கறிக் கடைகள் நடைபாதைக்கே வந்துவிடுகின்றன. கோவைக்காய், பாகற்காய், பீர்க்கங்காய், கட்டுக்கட்டாக வெந்தயக்கீரை. கோடையின் தொடக்கத்தில் குஜராத்திலிருந்து வரும் கேசர் மாம்பழப் பெட்டிகள். ஒரு தெருவில் என்ன சமைக்கிறார்கள் என்பதை ஓட்டல் பலகையைவிட இந்தக் கூடைகள் தெளிவாகச் சொல்லும்.

இங்கே சமையலின் ஆதாரம் குஜராத். ஆனால் அது நேராக வந்து சேரவில்லை. தலைமுறைகளாகக் கிழக்கு ஆப்பிரிக்காவில் கடை வைத்திருந்த குடும்பங்கள் 1960-களின் இறுதியில் கென்யாவிலிருந்து கிளம்பின. 1972 ஆகஸ்டில் இடி அமீன் உகாண்டாவின் ஆசியர்களுக்கு 90 நாள் கெடு விதித்தார். சுமார் 28,000 பேர் பிரிட்டனுக்கு வந்தார்கள். சொத்து அங்கேயே நின்றுவிட்டது, கைப்பக்குவம் கூடவே வந்தது. அதனால்தான் இந்தத் தெருவில் மரவள்ளிக்கிழங்குக்கு இத்தனை மரியாதை. ‘மோகோ’ என்று கேட்டால், விரல் பருமனில் வெட்டிப் பொரித்து, மிளகாயும் எலுமிச்சையும் போட்டுத் தருவார்கள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மாவு. 1984-இல் தொடங்கிய சகோனிஸ் உணவகத்தில் இதுவும் பேல்பூரியும் தோசையும் ஒரே மேசைக்கு வரும். மாருஸ் பஜ்ஜியா ஹவுஸின் பஜ்ஜி நைரோபி வழி வந்தது: மெல்லிய உருளைக்கிழங்கு வில்லை, கடலைமாவு, கொத்தமல்லி, தொட்டுக்கொள்ளச் சட்னி. நம் ஊர் பஜ்ஜிபோல மாவு உப்பிப் போர்த்தாமல் கிழங்கோடு ஒட்டி நிற்பதால், கிழங்கின் ருசி தனியாகத் தெரிகிறது.

வெங்காயம், பூண்டு, மண்ணுக்குள் விளையும் கிழங்கு எதையும் தொடாத சமணர்களும் இங்கே பசியோடு திரும்புவதில்லை. ‘ஜெயின்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும், உருளைக்கிழங்கு இருந்த இடத்தில் வாழைக்காய் வரும். விலக்க வேண்டியதை விலக்கிவிட்டு மிச்சத்தைத் தட்டில் போடும் சமையல் அல்ல இது. வாழைக்காய்க்கென்று மசாலாவையும் பக்குவத்தையும் மாற்றியிருப்பார்கள்.

பேக்கரிதான் சைவருக்குச் சோதனையான இடம். ராம்ஸ்கேட் நகரில் 1847-இல் சைவ உணவுச் சங்கம் தொடங்கிய நாடு இது. ஆனால் இங்கே ‘வெஜிடேரியன்’ முத்திரை குத்திய கேக்கில் முட்டை இருக்கலாம். காந்திக்கும் இதே சிக்கல் வந்தது. 1888-இல் லண்டன் வந்தவர், ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவகத்தைக் கண்ட பிறகே வயிறாரச் சாப்பிட்டார். முட்டை மாமிசம் ஆகாது என்று சிலர் சொல்ல, கொஞ்ச நாள் உண்டும் பார்த்தார். பிறகு, மாமிசம் உண்ணேன் என்று தாய்க்குக் கொடுத்த வாக்குக்குத் தாய் கொண்ட பொருளே பொருள் என்று முடிவுசெய்து நிறுத்தினார். அதன்பின் புட்டிங்கையும் கேக்கையும்கூட விசாரித்துத்தான் உண்ண வேண்டியிருந்தது.

அந்த விசாரணையை இந்த வட்டாரத்து முட்டையில்லா பேக்கரிகள் மிச்சப்படுத்துகின்றன. முட்டை கேக்கை உப்ப வைக்கும், பிணைக்கவும் செய்யும். முதல் வேலையைத் தயிரும் சோடா உப்பும் பார்த்துக்கொள்ளும். ஈரத்தையும் மென்மையையும் கெட்டிப்பால் தரும். ஆனாலும் மேலே பூசும் அலங்காரத்தில் ஜெலட்டின் உண்டா, பஃப்ஸில் விலங்குக் கொழுப்பு உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள்.

நடையின் பின்பாதியில் சனாதன் இந்து மந்திர் எழுகிறது. குஜராத்தில் செதுக்கிய சுண்ணாம்புக்கல்லை இரும்பு சேர்க்காமல் அடுக்கி, 2010-இல் திறந்த கோயில். அதைத் தாண்டி ஆல்பர்ட்டன் நெருங்க நெருங்கக் காதில் தமிழ் விழுகிறது. ஈழத்தமிழர் கட்டிக்காக்கும் ஈழபதீஸ்வரர் ஆலயம் இந்தப் பக்கம்தான். இங்குள்ள கடைகளின் கண்ணாடிப் பெட்டியில் ஆட்டிறைச்சி ரோல்ஸும் மரக்கறி ரோல்ஸும் அருகருகே இருக்கும். மேலே ஒட்டிய ரொட்டித்தூளில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ரொட்டித்தூள் ஒட்ட முட்டையில் தோய்ப்பதும் வழக்கம். அதனால் கேட்டேன்.

“அக்கா, இதில முட்டை இருக்கா?”

“இல்லைத் தம்பி, மாவைக் கரைச்சுத்தான் தோய்க்கிறனாங்கள். பொரிக்கிறதும் வேற தாச்சியில.”

தாச்சியை, அதாவது வாணலியைப் பற்றி நான் கேட்கவே இல்லை. வெள்ளிக்கிழமைகளில் மச்சம் (மீன், இறைச்சி) சேர்க்காத வீடுகள் ஈழத்தமிழரிடையே நிறைய. அந்த வீடுகளுக்கு விற்கிற கடைக்கு, அடுத்த கேள்வி எதுவென்று தெரிந்திருக்கிறது.

சைவருக்கு ஏற்ற உணவகம் என்று பலர் நினைப்பது, பட்டியலின் கடைசியில் ஒரு பனீர் வகையைச் சேர்ப்பது. ஈலிங் ரோடு காட்டுவது வேறு. முட்டை, கிழங்கு, எண்ணெய், தாச்சி என்று ஒவ்வொருவருக்கும் கோடு வேறிடத்தில் விழுகிறது. அந்தக் கோட்டை அறிந்தவர்கள் அடுப்படியில் நின்றால், சாப்பிட வருகிறவர் தன் வழக்கத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வேற்று ஊரில் ஒருவருக்குச் செய்யக்கூடிய விருந்தோம்பலில் இதைவிடப் பெரிதாக நான் கண்டதில்லை. சனிக்கிழமை முற்பகலில் வெம்ப்ளி சென்ட்ரலில் இறங்குங்கள். மோகோவில் தொடங்கி ரோல்ஸில் முடியுங்கள். கேக்கை மட்டும் பொட்டலம் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். ஆல்பர்ட்டன் வந்து சேரும்போது வயிற்றில் இடம் இருக்காது.