பும்ராவின் முதுகு

நண்பர்கள் குரூப்ல இன்னைக்கும் அதே சண்டை.
"இங்கிலாந்துல சிராஜ் அஞ்சு டெஸ்ட்டும் ஆடி 23 விக்கெட் எடுத்தான். பும்ரா மூணோட ஒதுங்கிட்டாரு. டீம்னா ஒரு ஒழுங்கு வேணாமா?"

மனசு ஆறல.

2023 மார்ச்ல முதுகுல ஆபரேஷன் ஆன மனுஷன்ங்க அவரு.
அப்புறமும் ஆஸ்திரேலியாவுல 32 விக்கெட்.
சிட்னியில கடைசி இன்னிங்ஸ்ல ஒரு பந்துகூடப் போட முடியல. சாம்பியன்ஸ் டிராபியும் ஆட முடியல.

முன்கால ஊன்றி பந்தை விடுற அந்த நொடி, பெரிய பாரம் முறுக்கிக்கிட்டு கீழ்முதுகுல இறங்குது.

இங்கிலாந்துல அவரு மூணு டெஸ்ட்தான் ஆடுவாருன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. இதுல எங்க வந்தது ஒழுங்கீனம்?

ஓவல்ல சிராஜ் ஜெயிச்சுக் கொடுத்தது இப்பவும் புல்லரிக்குது. அதுக்கு பும்ராவை ஏன் திட்டணும்?

உடம்பு தாங்காதுன்னு ஒருத்தர் சொன்னா, நம்ம ஏன் நம்பவே மாட்டேங்கிறோம்?